கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

வடசென்னையிலிருந்து 26 வயது வாசகர் ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவர் ஒரு ஃபுட்பால் க்ளப்பின் கேப்டன். நடுக்களத்தில் ஆடுபவர். பிழைப்புக்கு ஒரு சிறிய தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நகர லீக்கில் அவருடைய அணி இந்த சீசனில் இதுவரை 11 ஆட்டம் ஆடியிருக்கிறது. ஒரே வெற்றி, மூன்று டிரா, ஏழு தோல்வி. இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி. கடைசி இரண்டு இடங்களில் முடிப்பவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இவர்கள் இப்போது கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கிறார்கள்.

கோச்சுக்கு 58 வயது. எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். பத்து வயதில் இவரை கிரவுண்டுக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பழைய ஜோடி, இரண்டு சைஸ் பெரியது. முனையில் நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணித்துப் போட்டுக்கொண்டு ஓடியதாக எழுதியிருக்கிறார். இப்போது க்ளப் கமிட்டி அந்த மாஸ்டரை நீக்க நினைக்கிறது. 'கோச் மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை' என்று ஒரு தாளில் எழுதி வீரர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். 14 பேர் போட்டுவிட்டார்கள். முதல் வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள். அது கேப்டனுக்கு.

செக்ரட்டரி சொல்வது: "கோச் மாறினா டீம் தானா மாறும்." வீரர்கள் சொல்வது: "மாஸ்டர் பழைய காலத்து ஆள், ஒரே மாதிரிதான் ஆடச் சொல்றார்." மாஸ்டர் சொல்வது: "பசங்களுக்கு வெறி இல்ல. கண்ணு முழுக்க செல்லுலதான்." கடைசிப் பக்கத்தில், வேறு பேனாவில், இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஏழாவது ஆட்டத்தில் கோல் ஏதும் விழாத நிலையில் 64-ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அவர் வெளியே அடித்தார். அந்த ஆட்டம் 0-1 என்று தோற்றது. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. "தப்பு மாஸ்டர் மேலயா, எங்க மேலயா? இல்ல, எல்லாத்துக்கும் நான்தான் காரணமா? கையெழுத்து போடட்டுமா, வேண்டாமா?" என்பது அவர் கேள்வி.

---

அன்புள்ள தம்பிக்கு,

விளையாட்டு வீரர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடமாக என் வேலை. 'யார் காரணம்?' என்று கேட்டு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், எழுதியவர் மனதுக்குள் ஒரு தீர்ப்பை முன்பே எழுதி வைத்திருப்பார். உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது. ஆறு பக்கம் மாஸ்டரைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் எழுதிவிட்டு, ஏழாவது பக்கத்தில் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் தைத்து அனுப்பிய அந்த ஒற்றைத் தாளைப் பார்ப்போம். கடிதம் முழுவதையும்விட எனக்கு அதுதான் அதிகம் சொன்னது.

ஒவ்வொரு ஆட்டத்திலும் நீங்கள் வாங்கிய கோல்கள் எந்த நிமிடத்தில் விழுந்தன என்று அதில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 19 கோல். அதில் 12 கோல் 70-ஆவது நிமிடத்துக்குப் பிறகு. அதாவது, முதல் எழுபது நிமிடம் உங்கள் அணி லீக்கில் யாரோடும் நின்று ஆடியிருக்கிறது. பதினொரு ஆட்டத்தில் ஏழு கோல்தான் வாங்கியிருக்கிறது. கடைசி இருபது நிமிடத்தில் வேறொரு அணியாக மாறிவிடுகிறது. 'வெறி இல்லை' என்றால் அது முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். 'பழைய காலத்து ஆட்டம்' என்றால் முதல் பாதியிலேயே எதிரணி பிரித்து மேய்ந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை.

அப்படியென்றால் எழுபதாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது? பதிலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள்தான் அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். பிராக்டிஸ் காலை ஆறு மணியிலிருந்து ஏழே கால் வரை. எட்டு மணிக்குப் பலருக்கு வேலை. ஆட்டமோ பிற்பகல் மூன்றரைக்கு. சென்னை வெயிலில் மூன்றரை மணிக்கு ஓடும் உடம்பும், காலை ஆறு மணிக் காற்றில் ஓடும் உடம்பும் ஒன்றல்ல. வெயிலுக்கு உடம்பு பழகப் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம், தினமும் வெயிலில் உழைக்க வேண்டும். உங்கள் அணி ஒரு நாள்கூட அப்படிப் பழகவில்லை. போதாததற்கு, பாதிப் பேர் காலை ஷிப்ட் முடித்து, டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு நேராக கிரவுண்டுக்கு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியலில் 25 பேர் இருந்தாலும் பிராக்டிஸுக்கு வருவது பதினொன்று, பன்னிரண்டு பேர். பெஞ்சில் மூன்றே பேர். கால் ஓய்ந்தவனை வெளியே எடுக்க மாஸ்டர் நினைத்தாலும் உள்ளே அனுப்ப ஆள் இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். தோற்ற அணி எந்தக் காரணம் சொன்னாலும் அந்தப் பழமொழியை எடுத்து வீசி வாயை அடைத்துவிடுகிறோம். சில நேரம் கூடமும் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது, தம்பி. உங்கள் கூடத்தைக் கட்டியதில் கோச், வீரர், கமிட்டி மூவருக்குமே பங்கு உண்டு. கமிட்டியின் கையெழுத்துத் தாளில் ஒருவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்பதுதான் என் முதல் ஆட்சேபம்.

கோச் மாறினால் அணி மாறுமா?

செக்ரட்டரி சொல்வது முழுப் பொய் இல்லை. 2021 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சீ க்ளப் கோச் ஃபிராங்க் லாம்பார்டை அனுப்பிவிட்டுத் தாமஸ் டுக்கலைக் கொண்டுவந்தது. அதே வீரர்கள்தான். அந்த மே மாதமே ஐரோப்பிய க்ளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார்கள். இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு யாரும் எந்தக் கமிட்டியையும் சம்மதிக்க வைத்துவிடலாம். நீங்கள் பதிலுக்கு, பின்னாளில் கோப்பைகளைக் குவித்த கோச் ஃபெர்குசனைச் சொல்கிறீர்கள். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவருக்கு முதல் கோப்பை 1990 மே மாதம்தான் கிடைத்தது, அந்த சீசனில் லீக்கில் 13-ஆவது இடம், அப்போது விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்கள். உண்மைதான். ஆனால் பொறுமையாகக் காத்திருந்து, அப்படியே மூழ்கிப்போன க்ளப்புகளின் கதையை யாரும் திரும்பச் சொல்வதில்லை. கரையேறியவர் கதை மட்டும்தான் நம் காதுக்கு வருகிறது. அதனால் டுக்கலும் ஃபெர்குசனும் உங்கள் வழக்கில் சாட்சி சொல்ல முடியாது.

கொஞ்சம் பக்கத்திலேயே பார்ப்போம். சென்னையின் எஃப்சி க்ளப் 2015-இல் இந்தியன் சூப்பர் லீக்கில் ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தது. கோச் மாத்தராஸியை மாற்றவில்லை. அணி எழுந்து வந்து, வெள்ளத்தால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் பெற்று 3-2 என்று கோப்பையை வாங்கியது. 2018 மார்ச்சில் ஜான் கிரெகரி கோச்சாக இருந்தபோது மறுபடியும் கோப்பை. அடுத்த சீசனில் அதே கிரெகரி, பெரும்பாலும் அதே வீரர்கள், 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் அந்த சீசனில் ஆடவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போதும் கோச்சை மாற்றவில்லை. 2019-20 சீசனின் முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட வரவில்லை. நவம்பர் கடைசியில் கிரெகரி விலகினார். ஓவன் காயில் வந்தார். அதே அணி இறுதி ஆட்டம் வரை போனது.

ஒரே க்ளப். கோச்சை வைத்திருந்து எழுந்தார்கள், வைத்திருந்து விழுந்தார்கள், மாற்றி எழுந்தார்கள். மாற்றுவதோ வைத்திருப்பதோ தன்னளவில் மருந்து இல்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரையான கோச் மாற்றங்களைப் பாஸ் தெர் வேல் என்ற பொருளாதார ஆய்வாளர் எடுத்து ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்று, கோச்சை நீக்கிய அணிகள் பிறகு ஓரளவு தேறின. ஆனால் அதே அளவு தோற்றும் கோச்சை நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் தேறியிருந்தன. கோச்சை எப்போது நீக்குவார்கள்? அணி அடியில் கிடக்கும்போதுதான். அடியில் கிடப்பது பெரும்பாலும் மேலேதான் வரும். வந்ததும் 'பார்த்தீர்களா, மாற்றியதால்தான்' என்று சொல்லிக்கொள்கிறோம். காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் கொடுத்த கஷாயத்துக்குப் பேர் கிடைப்பது போல.

கோச்சால் முடிவது என்ன, வீரரால் முடிவது என்ன?

இதை வைத்து மாஸ்டர் மேல் தவறே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோச்சின் வேலை ஆட்டம் தொடங்கும் முன்பே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. யார், எங்கே, எவ்வளவு நேரம், யாருக்குப் பதில் யார். விசில் ஊதிய பிறகு டச்லைனில் நின்று அவர் கத்துவது பாதிப் பேர் காதில் விழாது. ஆனால் இருப்பதை வைத்து வேறு மாதிரி யோசிக்க வேண்டியது அவர் கடமை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைத்துப் பாருங்கள். சையத் அப்துல் ரஹீம் கோச். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. பிறகு தூணாக நின்ற தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் சாகேப் என்ன செய்தார்? அரையிறுதியில் அவரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து, முன்னால் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். ஜர்னைல் அரையிறுதியில் கோல் அடித்தார். இறுதி ஆட்டத்திலும் அடித்தார். அங்கே எதிரே நின்றது அதே தென்கொரியா. 2-1, தங்கப் பதக்கம். கொரியாவிடம் தோற்ற அணியை வைத்தே கொரியாவை வென்றார். அந்த யோசனை கோச்சுடையது. தையல் போட்ட தலையோடு பந்தை முட்டப் போன துணிச்சல் ஜர்னைலுடையது. எது யாருடையது என்று பிரித்துவிட முடிகிறது, ஆனால் ஒன்று இல்லாமல் மற்றது கோலாகியிருக்காது.

உங்கள் மாஸ்டரிடம் கேட்க வேண்டியது இந்த மாதிரியான யோசனையைத்தான். எழுபது நிமிடத்துக்கு மேல் கால் வராது என்று பதினொரு ஆட்டம் காட்டிவிட்டது. அப்படியும் அறுபதாவது நிமிடத்திலும் தடுப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்துகிறார் என்றால், தோற்ற ஆட்டத்தில் 19 வயதுப் பையனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார் என்றால், அது அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். அந்தப் பையன் அடுத்த ஆட்டத்தில் பந்தையே கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயந்த கால் பந்தைத் தேடிப் போகாது. அது அவன் சோம்பல் இல்லை.

உங்கள் கணக்கில் எழுத வேண்டியதும் இருக்கிறது. பன்னிரண்டு பேர் மட்டும் வரும் பிராக்டிஸில் பதினொரு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை எந்தக் கோச்சாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. தாளில் கையெழுத்துப் போட்ட 14 பேரில் எத்தனை பேர் போன மாதம் வாரம் மூன்று நாளும் பிராக்டிஸுக்கு வந்தார்கள்? எனக்குப் பதில் வேண்டாம். நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

கமிட்டியின் கணக்கு? சீசனுக்கு முன் உங்கள் ஸ்டாப்பருக்கும் (நடுவில் நின்று தடுப்பவர்) முதன்மை கோல் அடிப்பவருக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து அந்த அலுவலக அணிக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஃபுட்பால் ஆடும் பிள்ளைக்கு ஒரு நிரந்தர வேலை என்றால் அது ஒரு குடும்பத்துக்கே விடிவு. ஆனால் அந்த இரண்டு இடத்துக்கும் கமிட்டி யாரையும் கொண்டுவரவில்லை. மூன்று மாதமாகப் பயணப்படி தரவில்லை. பயணப்படி வராததும், பிராக்டிஸுக்கு ஆள் வராததும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கையெழுத்து

உங்கள் க்ளப், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் இது தெரிந்துகொள்ள வேண்டியது. பதிவான சங்கத்துக்கு எழுதப்பட்ட துணைவிதிகள் இருக்கும். கோச்சை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம் என்பது அதில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது நிர்வாகக் குழுவிடம் இருக்கும். அப்படி இருந்தால் வீரர்களின் கையெழுத்து அவர்களுக்குத் தேவையே இல்லை. கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, நீக்கிவிடலாம். பிறகு ஏன் இந்தத் தாள்? 'நாங்கள் நீக்கவில்லை, பசங்கதான் வேண்டாம் என்றார்கள்' என்று நாளை சொல்வதற்கு. அந்த முதல் வரி உங்களுக்காகக் காலியாக இருப்பதன் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இரண்டையும் எடை போடுவோம். போட்டால், இந்த வாரம் அணிக்குள் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அதில் எழுதியிருப்பதை நீங்கள் நம்பவில்லை என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டீர்கள். நம்பாத ஒன்றில் போட்ட கையெழுத்து மனதை விட்டுப் போகாது. புது கோச் வந்தும் நான்கு ஆட்டமும் போனால், அடுத்த தாள் யார் பெயரில் சுற்றும் என்றும் யோசியுங்கள். போடாவிட்டால், 'மாஸ்டருக்குச் சொம்பு தூக்குகிறான்' என்ற பேச்சு வரும். கேப்டன் பட்டை பறிபோகலாம். பதிவான வீரர் நடு சீசனில் நினைத்தவுடன் வேறு க்ளப்புக்கு மாறிவிட முடியாது என்பதால், மீதி நான்கு ஆட்டத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து கழிக்கவும் நேரலாம். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். 26 வயதில் நான்கு ஆட்டம் பெரியது.

இருந்தும், போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மாஸ்டர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார் என்பதற்காக இல்லை. நன்றிக்கடன் வேறு, நியாயம் வேறு. அவர் உங்களுக்கு யாரோ ஒருவராக இருந்திருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தத் தாள் மூன்றில் ஒரு பங்கு உண்மையை முழு உண்மையாகச் சொல்கிறது, அவ்வளவுதான். போட மறுப்பதை செக்ரட்டரியிடம் நேரில், தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். "சார், நீக்குறது கமிட்டி முடிவு. எடுத்தா நான் கட்டுப்படுறேன், புது கோச்சுக்கும் முழுசா ஆடுவேன். ஆனா எங்க மேலயும் தப்பு இருக்கும்போது நான் இதுல கையெழுத்து போட முடியாது." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் எழுதவே வேண்டாம்.

மாஸ்டரிடம் பேச வேண்டியது

கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தால் அது மாஸ்டருக்கும் துரோகம். 14 பேர் அவரிடம் சொல்லத் தயங்கியதைத்தான் தாளில் எழுதிவிட்டார்கள். ஒருவராவது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அந்தத் தாளே பிறந்திருக்காது.

கிரவுண்டில் பேசாதீர்கள். பசங்க பார்க்கும் இடத்தில் அவரால் கோச்சாக மட்டும்தான் பேச முடியும். அவர் தினமும் டீ குடிக்கும் கடைக்குப் போங்கள். அந்தக் கோல் நிமிடத் தாளை எடுத்துப் போங்கள். "மாஸ்டர், எழுபது நிமிஷத்துக்கு மேல பசங்களுக்குக் கால் வரல. எழுதி வச்சிருக்கேன், ஒரு தடவை பாக்குறீங்களா?" என்று தொடங்குங்கள். 'நீங்க தப்பா ஆட வைக்கிறீங்க' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தாளில் இருப்பது உங்கள் அபிப்பிராயம் இல்லை, நடந்தது. ஆட்டத்தை நாற்பது வருடம் பார்த்த மனிதர் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார் என்றே நினைக்கிறேன்.

கேட்க வேண்டியவை மூன்று. மீதியிருக்கும் வாரங்களில் ஞாயிறும் விடுமுறை நாளும் பிராக்டிஸைப் பிற்பகல் மூன்றரைக்கு வைப்பது. முதல் நாளே முழு வேகம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், தலைசுற்றல் வந்தவனை உடனே நிழலில் உட்கார வைக்க வேண்டும். இரண்டாவது, அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு தடுப்பு வரிசையைப் பத்து, பதினைந்து அடி கீழே இறக்குவது. மூன்றாவது, அந்த 19 வயதுப் பையனிடம் மாஸ்டர் தனியாக ஒரு தடவை பேசுவது.

கேப்டனுக்கு என்ன அதிகாரம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆட்ட விதிகளின்படி கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு. ஆனால் கேட்க முடியும். வெயில் கடுமையான நாளில் தண்ணீர் குடிக்கவும் உடம்பைக் குளிர்விக்கவும் ஆட்டத்தை நிறுத்த விதிகளில் இடம் இருக்கிறது. தண்ணீருக்கு ஒரு நிமிடம் வரை, குளிர்விக்க ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை. லீக் விதி அனுமதிக்கிறதா என்று பார்த்து, டாஸுக்கு முன் ரெஃப்ரியிடம் பணிவாகக் கேளுங்கள். இது எதிரணிக்கும் நல்லதுதான், மறுக்க மாட்டார்கள்.

மாஸ்டர் கேட்காமலும் போகலாம். "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று எழுந்து போய்விடலாம். வலிக்கும். ஆனாலும் சொல்லிவிட்டீர்கள் என்பது மாறாது. அதன் பிறகு கமிட்டி அவரை நீக்கினால், அந்தச் சுமை உங்கள் தோளில் இருக்காது.

அந்த பெனால்டி

ஒரு கல்லூரி அணியின் டிரெஸ்ஸிங் ரூமில், தோற்ற ஆட்டம் முடிந்து நான் உட்கார்ந்திருக்கிறேன். கோல்கீப்பர் விரலில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்து முடித்த பிறகும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் பெஞ்ச் காலி. யாரும் அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. உங்கள் பெனால்டியைப் பற்றி மாஸ்டர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் அந்தக் காலி பெஞ்ச்தான் நினைவுக்கு வந்தது. அந்த மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பல கோச்சுகளுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. அதைவிட வேறு காரணம் இருக்காது.

1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ராபர்ட்டோ பாஜ்ஜியோ பெனால்டியை வானத்தில் அடித்தது உலகத்துக்கே தெரியும். அவருக்கு முன்னால் அதே இத்தாலியின் பரேஸியும் மாஸாரோவும் தவறவிட்டார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இறுதி ஆட்டத்துக்கு முந்தைய மூன்று நாக்அவுட் ஆட்டங்களில் இத்தாலி அடித்த ஆறு கோலில் ஐந்து பாஜ்ஜியோவுடையது என்பது? கடைசியாகக் கண்ணில் பட்டதையே காரணம் என்று எழுதிக்கொள்வது மனித மனதின் பழக்கம். கூட்டம் அப்படிச் செய்கிறது. கமிட்டி அப்படிச் செய்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் உங்கள் மனதும் அதையேதான் செய்கிறது.

உலகத் தரத்தில் ஆடுபவர்களே அடிக்கும் பெனால்டிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று கோலாவதில்லை. உங்களுடையது 64-ஆவது நிமிடத்தில். அதன் பிறகு அந்த ஆட்டத்தில் கோல் விழுந்தது, உங்கள் தாளின்படி, 83-ஆவது நிமிடத்தில். மற்ற ஆட்டங்களைப் போலவே, கால் ஓய்ந்த பிறகு. பெனால்டி உள்ளே போயிருந்தால் அது டிரா ஆகியிருக்கலாம். மீதி ஆறு தோல்வியில் உங்கள் பெனால்டி எங்கே வருகிறது?

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால், வேலையிலும் கவனம் போனால், மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. விளையாட்டுக்காரன் மனதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது பழைய டிரெஸ்ஸிங் ரூம் வழக்கம். அதை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

அடுத்த பெனால்டி கிடைத்தால் நீங்கள் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிராக்டிஸ் முடிந்து எல்லோருக்கும் கால் கனத்த பிறகு, நான்கு பேர் ஆளுக்கு ஐந்து அடியுங்கள். ஒரு வாரம் மாஸ்டர் பார்க்கட்டும். யார் என்பதை அவர் ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்து, டீம் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிடட்டும். அது உங்கள் பெயராக இருந்தால், எந்த மூலை என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். பந்தை நோக்கி ஓடும்போது அதை மாற்றாதீர்கள்.